நிப்பாட்டட்டோ என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட உட்காரும்போது நீ தொலைபேசி எடுத்தாய். நோர்வேயின் வடக்கில் ஒரு சின்ன ஊர்க் கழகம் இன்னும் ஒரு பருவத்துக்கு உன்னைக் கேட்கிறது என்றாய். இங்கே டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில், உன் வருங்கால மாமனார், அனிற்றாவின் தகப்பன், தான் வேலை செய்யும் போக்குவரத்துக் கம்பனியில் உனக்கு ஒரு மேசையும் கதிரையும் பார்த்து வைத்திருக்கிறார் என்றாய். கலியாணத்துக்கு முன் இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். இவ்வளவையும் வழக்கம்போல டேனிஷில்தான் சொன்னாய். பிறகு தமிழில் கேட்டாய்: "அப்பா, நான் நிப்பாட்டட்டோ?" முப்பத்தைந்து வயது வரை நீ என்னிடம் எதற்கும் யோசனை கேட்டவன் இல்லை. ஐஸ் ஹொக்கி பற்றி என்னிடம் யோசனை கேட்பது மாட்டிடம் போய் மழைக்கணக்குக் கேட்பது மாதிரி என்பது உனக்கும் தெரியும். "எழுதிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அவள் நீ சாப்பிட்டாயா என்று கேட்டாள். இது அந்த எழுத்து. நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் அனிற்றாவிடம் கொடு, அவள் உரக்க வாசிக்கட்டும். அவளுடைய வீட்டார் பக்கத்தில் இருந்து கேட்டாலும் நல்லதுதான். இதில் ஒளிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை.

ஐஸ் என்றால் எனக்கு மீன்பெட்டி. ஓல்போர்க்கில் எனக்குக் கிடைத்த முதல் வேலை மீன் தொழிற்சாலையில்; விரல் விறைக்க விறைக்க ஐஸுக்குள் கைவிட்டு மீன் எடுக்கிற வேலை. அதன்மேல் ஏறி ஓடலாம், அதற்குச் சம்பளமும் தருவார்கள் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்பேன். நீ விளையாடிய முதல் ஆட்டம் நினைவிருக்கிறதா? நீ உள்ளே போனாய், ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாய். திரும்பப் போனாய், திரும்ப வந்தாய். பிள்ளை ஏதோ பிழை செய்கிறான், ஒவ்வொரு தரமும் துரத்திவிடுகிறார்கள் என்று நினைத்து எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் ட்ரெய்னரிடம் போய், எனக்குத் தெரிந்த கொஞ்ச டேனிஷில், மகன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டேன். அந்த மனிதர் பகலில் குழாய் வேலை செய்கிறவர், மாலையில் சம்பளமில்லாமல் பிள்ளைகளைப் பழக்குகிறவர். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோருமே அப்படித்தானாம். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரனும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு முழுவதையும் செலவழித்துவிட்டு வந்து உட்கார்ந்து, திரும்ப ஏறுவானாம். அதைக் கேட்டு நான் வாய் பிளந்து நின்றேன். ஒரு மனிதன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சற்று நேரத்தில் மறுபடியும் கொட்ட எழும்புகிறான். அதைத்தான் நீ பத்தொன்பது வயதிலிருந்து தொழிலாகச் செய்கிறாய்.

அனிற்றாவுக்காக இதையும் எழுத வேண்டும், அவள் இங்கே பிறந்த பிள்ளை. நான் வந்து, எனக்கு விசா கிடைத்து, உன்னையும் அம்மாவையும் கூப்பிட விண்ணப்பம் போட்ட வருடம் எண்பத்தேழு. சட்டப்படி அது எங்கள் உரிமை. கொஞ்ச மாதத்தில் வந்துவிடுவீர்கள் என்று நம்பி இரண்டு அறை வீடு எடுத்தேன். பதில் இல்லை. பொலிஸ் நிலையத்தில் கேட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பார்கள். அந்த ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடியும் கெலி என்கிற ஹெலிகொப்டர்ச் சூடும் என்று இங்கே தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் மீன்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, உயிரோடு இருக்கிறீர்களா இல்லையா என்று தெரியாமல் நாளைக் கழித்தேன். ஒருவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அமைச்சர் ஒருவர் எங்கள் ஆட்களின் கோப்புகளை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. எண்பத்தொன்பதில் நீங்கள் வந்து இறங்கியபோது உனக்கு ஆறு வயது. நீ எனக்குக் கைகொடுத்தாய், யாரோ கந்தோர்க்காரனுக்குக் கொடுப்பது மாதிரி. அந்த வயது வரை உனக்கு என்ன நடந்தது, நீ எதைப் பார்த்தாய், எதைப் பழகினாய் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "வந்திட்டம்தானே" என்பாள். அதோடு கதை முடிந்துவிடும்.

எனக்கு அது தெரியவந்தது ஐஸ் மண்டபத்தில். உனக்கு ஒன்பது வயதிருக்கும். எதிராளி அடிக்கும் பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டுக்குக் குறுக்கே விழுந்து மறிக்கிற பயிற்சி அன்றைக்கு. டேனிஷ் பிள்ளைகள் ஐஸில் வளர்ந்தவர்கள், ஆனாலும் ஒவ்வொருத்தனும் விழுமுன் ஒருகணம் தயங்கினான், ஒருவன் கண்ணை மூடினான், ஒருவன் முதுகைக் காட்டினான். உன் முறை வந்தது. நீ விழுந்தாய். தயக்கம் என்ற ஒன்றே இல்லை. கைகளை நெஞ்சோடு மடித்து, முகத்தைத் திருப்பி, நின்றவன் கிடந்தான், அவ்வளவுதான். ட்ரெய்னர் திரும்பவும் செய்யச் சொன்னார். திரும்பவும் அப்படியே. அவர் என்னிடம் வந்து, "இவனுக்கு யார் இதைப் பழக்கினது?" என்று கேட்டார். தான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் பெரிய ஆட்களுக்கே வராத காரியம் இது என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ட்ரெய்னர் மாதிரியே நடித்துக் காட்டினேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் பழக்கினனான்" என்றாள். "கெலிச் சத்தம் கேட்டால் யோசிக்கப்படாது, கையை மடிச்சுக்கொண்டு விழவேணும் எண்டு. கோவில் பள்ளிக்கூடத்திலை அகதியா இருக்கேக்கை ஒவ்வொரு நாளும் விழப் பண்ணுவன். விளையாட்டு எண்டு சொல்லித்தான் பழக்கினனான்."

"எனக்கு நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் இஞ்சை, நாங்கள் அங்கை. என்னத்தைச் சொல்லுறது?"

தம்பி, அன்றைக்கு வந்த வியப்பு எனக்கு இன்றுவரை இறங்கவில்லை. நான் உன்னோடு இல்லாத அந்த வருடங்களை உன் உடம்பு பத்திரமாகக் கொண்டுவந்து ஐஸில் போட்டிருக்கிறது. அம்மா உன்னை விழப் பழக்கியது நீ தப்புவதற்காக. நீயோ அதே விழுகையைப் பின்னால் நிற்கும் கோல்கீப்பர் தப்புவதற்காக விழுகிறாய். சத்தம் கேட்டால் ஒளியச் சொல்லி வளர்த்த பிள்ளை, சத்தம் வரும் பக்கமாகப் போய் விழுகிறான். அம்மா ஒரே ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்தாள். நீ முதல்தரம் விழுந்ததும் எழும்பி வெளியே போனவள்தான். அதன் பிறகு எந்த ஊர் ஆட்டமானாலும் கூட வருவாள், கார் தரிப்பிடத்தில் செபமாலையோடு இருப்பாள், உள்ளே வரமாட்டாள்.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் எங்கள் கோப்புகளை முடக்கிய வழக்கின் விசாரணை அறிக்கை வந்து பிரதமர் பதவி விலகினார் அல்லவா, அன்றும் உனக்குப் பயிற்சி இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். என்னையும் வரச் சொன்னார்கள், நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஐஸ் மண்டபத்துக்கு வந்தேன். உடுப்பு மாற்றும் அறையில் தகப்பன்மார் குந்தியிருந்து பிள்ளைகளின் ஸ்கேட்டிங் சப்பாத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் ஓட்டுகிற ஒருவர் என்னைப் பார்த்து, "அது உங்கள் குடும்பத்தையும் பாதித்ததா?" என்று கேட்டார். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு டேனிஷில் சொன்னேன். அந்த மனிதர் தன் மகனை விட்டுவிட்டு வந்து உன் காலடியில் குந்தி உன் சப்பாத்தை இறுக்கினார். ஒரு அரசாங்கம் விழுந்ததைவிட எனக்கு அது பெரிய காரியமாகப் பட்டது. நீ "இன்னும் இறுக்குங்கோ" என்று அவரை ஏவிக்கொண்டிருந்தாய்.

உன்னைப்பற்றி எங்கள் ஆட்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று அனிற்றா ஒருமுறை கேட்டாள். "மகன் என்ன செய்யிறார்?" என்பார்கள். "ஐஸ் ஹொக்கி விளையாடுறார்" என்பேன். "அது சரி, வேலை?" என்பார்கள். விளையாட்டுத்தான் வேலை என்றால், அப்படியானால் பேப்பரில் படம் வரவேண்டுமே, தேசிய அணியில் இருக்கவேண்டுமே என்பார்கள். நீ அந்தச் சாதி ஆட்டக்காரன் இல்லை. யாருக்காவது கால் முறிந்தால் உனக்கு அழைப்பு வரும். நத்தார் வரைக்கும் என்று போவாய், பிடித்துப்போனால் பங்குனி வரை வைத்திருப்பார்கள், அடுத்த வருடம் உன்னைவிட இளசாக ஒருத்தன் வருவான். யூட்லாந்தில் இரண்டு மூன்று ஊர், ஸ்வீடனில் காட்டுக்குள் மர ஆலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர், ஸ்கொட்லாந்தில் ஓர் ஊர், பிரான்சில் மலைக்குமேல் ஓர் ஊர், திரும்ப டென்மார்க். எங்கே போனாலும் கழகம் தருகிற வீடு, யாரோ விட்டுப்போன கட்டில், யாரோ விட்டுப்போன சட்டி. போய் இறங்கிய அன்றே, பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்காக நெஞ்சைக் கொடுத்து விழவேண்டும். நான் முப்பது வருடம் ஒரே ஊரில், ஒரே தொழிற்சாலையில், ஒரே வாசலால் போய் வந்தவன். எனக்குப் புது மேலாளர் வந்தாலே மூன்று நாள் நித்திரை வராது. நீ ஒவ்வொரு வருடமும் முதல் நாளிலிருந்து தொடங்கினாய். ஒரு தரமாவது அலுத்துக் கதைத்ததை நான் கேட்டதில்லை.

இன்னொன்று உனக்குச் சொன்னதில்லை. டேனிஷ்காரருக்குக் குடும்பப் பெயர், பரம்பரை பரம்பரையாக வருவது. எங்களுக்கு அப்படி இல்லை, தகப்பனின் பெயர்தான் பிள்ளையின் பின்னால் நிற்கும். ஆகவே உன் ஆட்டச் சட்டையின் முதுகில் இருந்தது என் பெயர், என் ஐயா எனக்கு வைத்த பெயர். நீளம் காணாமல் இரண்டு அக்குளுக்குள்ளும் வளைந்து போகும் அந்தப் பெயரை அறிவிப்பாளர்கள் படாதபாடு படுத்துவார்கள். ஸ்கொட்லாந்துக்கு நான் வந்த கிழமை நினைவிருக்கிறதா? நீ அங்கிருந்து பிரான்சுக்குப் போய், திரும்ப எதிரணியில் ஆட வந்த சமயம். ஆட்டத்தின் இடைவேளையில் தேத்தண்ணி வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. அவள் போட்டிருந்த உன் பழைய அணிச் சட்டையின் முதுகில் என் பெயர். நீ அங்கே ஆடியது ஒரே ஒரு பருவம், அதுவும் போய் எத்தனையோ காலம். நான் அவளுடைய தோளைத் தட்டி, முதுகைக் காட்டி, பிறகு என் நெஞ்சைக் காட்டினேன். முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உடைந்த விலாவோடு நீ ஒரு ஆட்டம் முழுவதும் விழுந்து மறித்ததை அவள் எனக்குக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டினாள். அந்த விலா கதை அப்போதுதான் எனக்குத் தெரியும். எங்களுக்கு நீ போனில் "ஒண்டும் இல்லை, லேசான தடிமன்" என்றுதான் சொல்லியிருந்தாய். ஊர் விட்டு ஊர் வந்து, எவனும் உச்சரிக்காத ஒரு பெயர், முன்பின் தெரியாத ஒரு கிழவியின் முதுகில் ஏறிக் குளிருக்கு நின்றது. நான் அந்த வரிசையில் நின்று அழுதேன், தம்பி. சந்தோசத்தில்தான்.

கஞ்சிக் கதையை அனிற்றாவின் அம்மா கட்டாயம் கேட்க வேண்டும். நீ திரும்ப ஓல்போர்க் பக்கம் வந்து ஆடிய வருடம், இறுதிச்சுற்று ஆட்டம் பெரிய வெள்ளியில் வந்து விழுந்தது. அம்மாவுக்கு அது பெரிய சோதனை. ஆண்டவர் பாடுபட்ட நாளில் விளையாட்டா என்று இரண்டு நாள் புறுபுறுத்தாள். கடைசியில், விளையாடினால் விளையாடு, வாயில் வேறு ஒன்றும் வைக்கக்கூடாது என்று, கோவிலில் காய்ச்சிய பெரிய வெள்ளிக் கஞ்சியைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றிக்கொண்டு மண்டபக் கதவு வரை வந்தாள். இறைச்சி சாப்பிடாமல் இவன் எப்படி ஆடுவான் என்று ட்ரெய்னர் தலையில் கைவைத்தார். நீ குடித்தாய். பின்லாந்துக்காரக் கோல்கீப்பர் ருசி பார்க்கிறேன் என்று பாதியைக் குடித்தான். அன்று எதிரணியால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அதன் பிறகுதான் எனக்கு உங்கள் ஆட்களின் மூடநம்பிக்கை தெரியவந்தது. வென்ற நாளில் எந்தக் காலுக்கு முதலில் சப்பாத்துப் போட்டார்களோ அதே கால், எதைத் தின்றார்களோ அதே தீன். அடுத்த ஆட்டத்துக்கு அணி முழுவதற்கும் கஞ்சி வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை! "பாஸ்குவுக்குப் பிறகு பெரிய வெள்ளிக் கஞ்சி ஆராவது காய்ச்சுவினமோ? சனம் என்ன சொல்லும்?" என்று அம்மா ஒரு பாட்டம் பேசித் தீர்த்தாள். பேசிக்கொண்டே பெரிய பானையை இறக்கினாள். தேங்காய்ப்பால் வழமையைவிடக் கூட விட்டாள். இருபது தடியன்கள் பல்லில்லாத வாயால் "தக், தக்" என்று நன்றி சொல்லிக்கொண்டு அவளிடம் கோப்பையை நீட்டினார்கள். கொடுத்து முடித்துவிட்டுக் காருக்குள் போய் இருந்துகொண்டாள். நீங்கள் அன்று தோற்றீர்கள். தேங்காய்ப்பால் கூடிப்போனதுதான் காரணம் என்று அந்தப் பின்லாந்துக்காரன் சொன்னதாக நீ சொன்னாய். அம்மா இன்னும் அவனை மன்னிக்கவில்லை.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தகப்பன் சொல்லவேண்டிய ஒன்றையும் இதற்குள் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் மறைத்த மாதிரி அனிற்றாவிடம் மறைக்காதே. நொந்தால் நோகுது என்று சொல்லு, இடத்தைத் தொட்டுக் காட்டு. உன் முழங்கால், விரல், உடைந்த பல் எல்லாம் அவளுக்குத் தெரியட்டும். தூரத்தில் இருந்த காலத்தில் நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பயப்படுத்தக்கூடாது என்று ஒன்றும் சொல்லாமல் இருந்து பழகி, பிறகு ஒரே வீட்டுக்குள் வந்தபின்னும் அந்தப் பழக்கம் போகாமல் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரே ஊரில் இருந்தாலும் சரி, ஊர் ஊராகத் திரிந்தாலும் சரி, வாயைத் திறக்கிற வீடு நிற்கும்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். புதன்கிழமை அனிற்றாவின் தகப்பன் என்னோடு கதைத்தார். நல்ல மனிதர். "அண்ணை, பிள்ளை தங்கமான பிள்ளை, அதிலை கதையில்லை. ஆனா வருசத்துக்கு ஒரு ஊர் எண்டால் குடும்பம் எப்பிடி நடத்திறது? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் கேப்பார்" என்றார். அவர் சொல்வதில் பிழை இல்லை. உன் முழங்காலை நினைத்தால் எனக்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடத்தான் ஆசை. கடதாசியை எடுத்து "நிப்பாட்டு" என்று எழுதியும் விட்டேன். பிறகு அனிற்றாவிடம் கேட்காமல் எழுதுவது முறையில்லை என்று அவளுக்குப் போன் அடித்தேன். அவள் சிரித்தாள். "மாமா, நான் அவரை முதல் கண்டதே ஐஸிலைதான். நோர்வேயிலையும் என்னை மாதிரி நேர்ஸ்மாருக்கு வேலை இருக்கு" என்றாள்.

அம்மா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக நீ எப்போது நிறுத்துவாய் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவள் அவள். ஆகவே, "நிப்பாட்டச் சொல்லி எழுதிறன், சரிதானே?" என்று அவளிடம் கேட்டேன்.

"எழுதாதேங்கோ" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்தேன்.

"அவன் அலுத்துப்போய் வந்தால் வரட்டும். ஏலாமல் வந்தால் வரட்டும், நான் பாப்பன். ஆனா நாங்கள் சொல்லி நிக்கப்படாது. ஒருதரம் இந்த நாட்டிலை ஒருத்தர் அவனை வரவேண்டாம் எண்டு நிப்பாட்டி வைச்சவர். அவன்ரை முகத்தைக்கூடப் பாக்காமல். அது காணும் அவனுக்கு." சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போய்விட்டாள்.

நான் எழுதியிருந்த கடதாசியைக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது, தம்பி. போ என்றும் சொல்லமாட்டேன், உடம்பு உன்னுடையது. உன் காலுக்குத் தெரியும், அனிற்றாவுக்குத் தெரியும், நீங்கள் இரண்டு பேரும் இருந்து கதையுங்கள். நான் உன்னைப் பார்த்து அதிசயப்பட்டே பழகிப்போன மனிதன். இன்னும் ஒரு வருடம் அதிசயப்படக் கிடைத்தாலும் சந்தோசம், கிடைக்காவிட்டாலும் இதுவரை கிடைத்ததே எனக்குக் காணும்.

ஆனால் ஒரு வேலை மட்டும் செய்தேன். செப்டம்பரில் கலியாணம் என்று பேசியிருந்தோம் அல்லவா, செப்டம்பரில் புதுப் பருவம் தொடங்கி நீ மைதானத்தில் நிற்கவேண்டி வந்தால் மாப்பிள்ளை இல்லாத கலியாணம் ஆகிவிடும். அதனால் சுவாமியாரைக் கேட்டேன். ஜூலை கடைசிச் சனிக்கிழமை கோவில் சும்மா இருக்கிறதாம். அனிற்றா, தனக்குச் சரி என்றுவிட்டாள். அவளுடைய தகப்பனுக்கும் நானே போன் எடுத்துச் சொன்னேன்.

"என்ன அண்ணை, திடீரெண்டு இவ்வளவு அவசரம்?" என்றார்.

"ஓகஸ்டிலை மண்டபத்திலை ஐஸ் போட்டிடுவாங்கள்" என்றேன்.